தாய்லாந்து நான்-ஓ விசா: 90 நாளுக்கு ஒருமுறை எல்லைக்குப் போய் வருவது, கடைசி முறை எப்போது?

14 செப்டம்பர் 2025, சொங்க்லா மாப்பிள்ளை

மனைவி தாய்லாந்துக்காரங்க. சென்னையில் இருக்கும்போது எடுத்த நான்-ஓ (குடும்பத்தோட தங்க வர்றவங்களுக்கான விசா) மல்டிபிள் என்ட்ரி, அதாவது பலமுறை நுழையற இ-விசா. 10 ஜனவரி 2025-இல் கொடுத்தது, 9 ஜனவரி 2026 வரை செல்லும். இப்போ பாஸ்போர்ட்டில் இருக்கிற முத்திரை அக்டோபர் 12 வரை. அதுக்குள்ள மலேசிய எல்லையில இருக்கிற பாடாங் பெசார் போய் வரணும், அது தெரியும். குழப்பம் அதுக்கு அடுத்த தடவைதான். விசா ஜனவரி 9-இல் முடியறதால, ஜனவரி முதல் வாரம் போனா ஜனவரி 9 வரைக்கும்தான் முத்திரை விழும், நாலு நாளுக்காகப் போறது வீண்னு இங்கே ஒருத்தர் அடிச்சுச் சொல்றார். உண்மையா? அப்படின்னா டிசம்பரிலேயே ஊருக்கு டிக்கெட் போடணும்.

14 செப்டம்பர், எல்லைக்கல்

டிக்கெட் போடாதீங்க தம்பி. அவர் சொன்னது தப்பு.

விசா வேறு, தங்கும் அனுமதி வேறு. விசா என்பது வாசல் வரைக்கும் வர உரிமை. எந்த நாளுக்குள் உள்ளே நுழையலாம் என்பதை மட்டும்தான் அதில் உள்ள தேதி சொல்கிறது. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை கவுண்டரில் அதிகாரி குத்தும் முத்திரை சொல்கிறது. நான்-ஓ மல்டிபிளில் ஒவ்வொரு நுழைவுக்கும் 90 நாள். ஜனவரி 8-ஆம் தேதி நுழைந்தாலும் 90 நாள்தான், அதாவது ஏப்ரல் 7 வரை. இதனால்தான் ஒரு வருட விசாவை வைத்து ஏறத்தாழ 15 மாதம் இருக்க முடிகிறது. எல்லைக்குப் போய் வருவதால் விசா புதுப்பிக்கப்படுவதில்லை, தங்கும் அனுமதிதான் புதிதாகக் கிடைக்கிறது. இது மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

15 செப்டம்பர், எல்லைக்கல்

தேதிக் கணக்கு. நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான்.

நுழைந்த நாளே முதல் நாள். மார்ச் 1-ஆம் தேதி வந்தால் 90-ஆம் நாள் மே 29. மே 30 என்று எண்ணிக்கொண்டு ஒரு நாள் தாமதமாகப் போய் 500 பாட் அபராதம் கட்டுகிறவர்கள் உண்டு. மூன்று மாதம் என்று எண்ணுகிறவர்கள் இன்னும் மோசம், அவர்கள் மே 31 என்று போவார்கள். காலண்டரில் நுழைந்த தேதியோடு 89-ஐக் கூட்டுங்கள், அதுதான் கடைசி நாள். கடைசி நாளன்று வெளியேறினால் குற்றமில்லை.

உங்கள் அக்டோபர் 12 ஞாயிற்றுக்கிழமை. அன்று வரை இழுக்காதீர்கள். அக்டோபர் 8, புதன், போங்கள். முத்திரை ஜனவரி 5 வரை விழும். ஜனவரி 5-க்குள் இன்னொருமுறை போனால் ஏப்ரல் தொடக்கம் வரை கவலையில்லை.

15 செப்டம்பர், இரவு, எல்லைக்கல்

மேலே போட்டதை மறுபடி யோசித்தேன். அக்டோபர் 8 என்றால் அடுத்தது ஜனவரி 5-க்குள். கடைசி நாளுக்கு விடக்கூடாது என்று நானே சொல்லிவிட்டு, உங்களைப் புத்தாண்டு விடுமுறை நெரிசலில் தள்ளுகிறேன். ஜனவரி 1 வியாழன், 4 ஞாயிறு. அந்த நான்கு நாளும் எல்லைக்கு அருகே உள்ள தாய் நகரமான ஹாட்யாய்க்கு வந்து திரும்பும் மலேசியக் கூட்டம் இரண்டு பக்கமும் நிற்கும். அக்டோபர் 9, வியாழன் காலை போங்கள். முத்திரை ஜனவரி 6 செவ்வாய் வரை. ஜனவரி 5 திங்களன்று அடுத்த பயணம், ஒரு நாள் கையிருப்பு. விசா ஜனவரி 9 வரை இருப்பதால் நுழைவுக்கும் தடையில்லை. ஜனவரி 5 நுழைந்தால் ஏப்ரல் 4 வரை.

16 செப்டம்பர், பினாங்குக்காரன்

ஒரு திருத்தம். வியாழன் என்றால் காலையிலேயே முடித்துவிடுங்கள். மலேசியாவின் கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளி, சனி. வியாழன் வேலை முடிந்த கையோடு கார்கள் எல்லாம் கெடாவின் எல்லைச் சாவடியான புக்கிட் காயு ஹீத்தாம் பக்கம் திரும்பிவிடும். பெர்லிஸில் சனி, ஞாயிறுதான் விடுமுறை, பாடாங் பெசார் பெர்லிஸில் இருக்கிறது. பள்ளி விடுமுறை, சீனப் புத்தாண்டு, தீபாவளி நாட்களில் இரண்டு சாவடியிலும் நிற்க வேண்டியதுதான். இந்த வருடம் தீபாவளி அக்டோபர் 20, உங்களுக்கு இடிக்காது.

விருந்தும் மருந்தும் மூணு நாள் என்பார்கள். தாய்லாந்து மாப்பிள்ளைக்கு மட்டும் தொண்ணூறு நாள் கொடுக்கிறார்கள், கொடுத்து வைத்தவர்.

18 செப்டம்பர், எல்லைக்கல்

ரயிலில் போகிறவருக்கு. ஹாட்யாயிலிருந்து பாடாங் பெசாருக்கு ஷட்டில் வண்டி காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஓட்டம். பாடாங் பெசார் என்ற பெயரில் இரண்டு நிலையங்கள் உண்டு. முதலில் வருவது தாய் மண்ணில் உள்ள சின்ன நிலையம், அங்கே இறங்கினால் முத்திரை குத்த யாரும் இல்லை. அடுத்ததுதான் உங்களுடையது. அது மலேசிய மண்ணில் இருக்கிறது, ஆனால் இரு நாட்டுக் குடிவரவுக் கவுண்டர்களும் ஒரே கட்டடத்தில்.

இறங்கியதும் முதலில் தாய் கவுண்டரில் வெளியேறும் முத்திரை, அடுத்து மலேசிய கவுண்டரில் நுழைவு முத்திரை. பிறகு மாடியில் கேன்டீன் இருக்கிறது, உட்காருங்கள். திரும்பும்போது இதே வரிசை தலைகீழாக: மலேசியா வெளியேற்றம், தாய்லாந்து நுழைவு. மொத்தம் நான்கு முத்திரைகள். நான்கில் ஒன்று குறைந்தாலும் அடுத்த முறை ஏதாவது ஒரு பக்கத்தில் பதில் சொல்ல வேண்டி வரும்.

இங்குள்ள தாய் கவுண்டர் வண்டி வரும், போகும் நேரத்தை ஒட்டித்தான் திறந்திருக்கும். காலையில் வந்த வண்டி சிறிது நேரத்திலேயே ஹாட்யாய் திரும்பிவிடும். அதையே பிடிக்கலாம் என்று ஓடாதீர்கள், வரிசை நீண்டால் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். பிற்பகல் வண்டிக்குத் திரும்புவதாகத் திட்டமிடுங்கள். மலேசிய நேரம் ஒரு மணி முன்னால். நிலையக் கடிகாரம் மலேசிய நேரம், உங்கள் திரும்பும் வண்டி தாய் நேரம். கைபேசி தானாக மலேசிய நேரத்துக்கு மாறிவிடும், அதைப் பார்த்து ஏமாறக்கூடாது.

ரயில் வேண்டாம் என்றால் பாடாங் பெசார் சாலைச் சாவடி இருக்கிறது. தாய் நேரம் காலை 5 முதல் இரவு 9 வரை.

19 செப்டம்பர், எல்லைக்கல்

சடாவ் வழி, அதாவது புக்கிட் காயு ஹீத்தாமுக்கு எதிரே உள்ள தாய்ச் சாவடி. ஹாட்யாயிலிருந்து வேன், பெட்காசெம் சாலையில் சுமார் 60 கிலோமீட்டர். சாலை முடியும் இடம்தான் எல்லை, ஊர் பெயர் டான் நோக். சாவடி தாய் நேரம் காலை 5 முதல் இரவு 11 வரை. சொந்தக் காரில் போனால் காரை டான் நோக்கிலேயே நிறுத்திவிடுங்கள். காரோடு தாண்டினால் வண்டிக்குத் தனிக் காகிதங்கள், மலேசியக் காப்பீடு என்று அரை நாள் போய்விடும். இரு சாவடிக்கும் நடுவே இடைவெளி அதிகம், வெயிலில் நடக்கச் சிரமம், மோட்டார் சைக்கிள் டாக்ஸி எடுங்கள்.

20 செப்டம்பர், எல்லைக்கல்

போவதற்கு முன் இணையத்தில் நிரப்ப வேண்டியவை இரண்டு. மலேசியாவுக்கு எம்டிஏசி என்ற இணைய வருகை அட்டை, போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள். தாய்லாந்து திரும்ப அதே போன்ற டிடிஏசி, 2025 மே 1 முதல் கட்டாயம், இதுவும் மூன்று நாளுக்குள். அன்றைக்கே திரும்பினாலும் டிடிஏசி வேண்டும், பழையது செல்லாது. இரண்டும் இலவசம். பணம் கேட்கும் தளம் வந்தால் மூடிவிடுங்கள், அது அரசுத் தளம் இல்லை. டிடிஏசியில் பயண வகை தரைவழி, கடந்த இரண்டு வாரத்தில் இருந்த நாடுகளில் மலேசியாவையும் சேர்க்க வேண்டும், விசா எண் கட்டத்தில் இ-விசா எண்ணை எழுத வேண்டும். அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு மலேசியா 30 நாள் விசா இல்லாமல் விடுகிறது, 2026 டிசம்பர் 31 வரை இந்தச் சலுகை. பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாத ஆயுள் இருக்க வேண்டும்.

இப்போது முக்கியமானது. பழைய வகை விசா பாஸ்போர்ட்டின் ஒரு பக்கத்தில் ஒட்டியிருக்கும், அதிகாரி புரட்டும்போது கண்ணில் படும். இ-விசா காகிதத்தில்தான் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் ஒன்றும் இல்லை. 2024 ஜூலை 15 முதல் இந்தியர்களுக்கு விசா இல்லாமலே 60 நாள் உண்டு. நீங்கள் காகிதத்தை நீட்டாமல் நின்றால், வரிசையில் வந்த இன்னொரு சுற்றுலாப் பயணி என்று 60 நாள் குத்திவிடலாம். 30 நாள் போயிற்று என்பதோடு இது நிற்காது. அந்த முத்திரையில் நீங்கள் நான்-ஓ ஆள் இல்லை, சுற்றுலா ஆள். பிறகு அதை வைத்து மனைவி பேரில் நீட்டிப்புக் கேட்கப் போனால் சிக்கல்.

ஆகவே இ-விசாவை இரண்டு நகல் அச்சிடுங்கள். ஒன்றை மடித்து பாஸ்போர்ட்டின் காலிப் பக்கத்தில் வைத்து, அந்தப் பக்கம் திறந்தபடியே கொடுங்கள். "நான்-ஓ, மல்டிபிள்" என்று வாயாலும் சொல்லுங்கள்.

பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகராமல் முத்திரையைப் படியுங்கள். மேலே வந்த தேதி, அதற்குக் கீழே விசா வகை, அதற்கும் கீழே 'அன்டில்' என்ற சொல்லுக்கு எதிரே கடைசி நாள். அக்டோபர் 9 வந்தால் அங்கே 6 ஜனவரி 2026 இருக்க வேண்டும். 7 டிசம்பர் என்று இருந்தால் அது 60 நாள் முத்திரை. மை மங்கலாக இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், 1-உம் 7-உம் குழப்பும். தவறு என்றால் அங்கேயே, அப்போதே காகிதத்தைக் காட்டிக் கேளுங்கள், குறுக்கே கோடிட்டுத் திருத்திக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்து கண்டுபிடித்தால், குத்திய சாவடிக்கே மறுபடி போக வேண்டி வரும்.

20 செப்டம்பர், பினாங்குக்காரன்

கையில் 20,000 பாட் ரொக்கம் வைத்திருங்கள். அடிக்கடி கேட்கமாட்டார்கள், ஆனால் கேட்கும் உரிமை உண்டு, ஏடிஎம் ரசீது எடுபடாது. மலேசியப் பக்கம் "எத்தனை நாள்?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். அன்றே திரும்புகிறவரை நிறுத்திக் கேள்வி கேட்பதும் உண்டு. அலோர் ஸ்டாரிலோ பினாங்கிலோ ஒரு இரவு தங்கிவிட்டு வருவது எப்போதும் நல்லது. பாடாங் பெசாரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு கொமூட்டர் ரயில் இருக்கிறது, அங்கிருந்து பினாங்குக்கு ஃபெர்ரி. லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு மறுநாள் காலை சாப் (முத்திரை) அடித்துக்கொண்டு போங்கள்.

22 செப்டம்பர், சொங்க்லா மாப்பிள்ளை

அண்ணே, திரும்பி வந்ததும் டிஎம்.30, அதான் வெளிநாட்டுக்காரர் வீட்டில் தங்கறதைத் தெரிவிக்கிற படிவம், மறுபடி போடணுமா? மாமியார் பேரில்தான் வீடு. அப்புறம் அந்த 90 நாள் ரிப்போர்ட்?

22 செப்டம்பர், எல்லைக்கல்

டிஎம்.30 வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டியது, ஆகவே மாமியார்தான் போட வேண்டும். ஒவ்வொருமுறை வெளியே போய் வந்தாலும் போட வேண்டும்.

90 நாள் அறிக்கை, அதாவது டிஎம்.47, உங்களுக்கு வராது. தொடர்ச்சியாக 90 நாளுக்கு மேல் தங்குகிறவருக்குத்தான் அது. நீங்கள் ஒவ்வொருமுறையும் அதற்குள் வெளியேறிவிடுகிறீர்கள், கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து.

23 செப்டம்பர், எல்லைக்கல்

டிஎம்.30 பற்றி நேற்று எழுதியது பழைய விதி, மன்னிக்கவும். 2020-இல் தளர்த்திவிட்டார்கள். மல்டிபிள் விசாவிலோ ரீ-என்ட்ரி பெர்மிட்டிலோ (வெளியே போனாலும் தங்கும் அனுமதி போகாமல் காக்கும் சீட்டு) போய், ஏற்கெனவே பதிந்த அதே முகவரிக்குத் திரும்பினால் மறுபடி போட வேண்டியதில்லை. ஆனாலும் சில மாகாண அலுவலகங்கள் நீட்டிப்புக்குப் போகும்போது புதிய ரசீதைக் கேட்கின்றன. மாமியாருக்கு இணையக் கணக்கு இருந்தால் ஐந்து நிமிட வேலை, போட்டு வைத்துவிடுங்கள்.

1 அக்டோபர், எல்லைக்கல்

ஒரு எச்சரிக்கை. "பாஸ்போர்ட்டை மட்டும் கொடுங்க, முத்திரையோட கொண்டு வந்து தர்றோம்" என்று சொல்லும் முகவர்கள் எல்லா எல்லை ஊரிலும் இருக்கிறார்கள். நீங்கள் போகாமல் விழும் முத்திரை எதுவாக இருந்தாலும் போலி. மலேசியக் கணினியில் உங்கள் நுழைவே இருக்காது. மாட்டினால் அபராதத்தோடு போகாது, வழக்கு. வேன் ஏற்பாடு செய்து உடன் அழைத்துப்போகும் முகவர்கள் வேறு, அது முறையான தொழில்.

9 அக்டோபர், சொங்க்லா மாப்பிள்ளை

முத்திரை 6 ஜனவரி 2026, நான்-ஓ. ஆனா இந்த ஒரு பயணத்தில் ஒரு பக்கமே தீர்ந்துபோச்சு. 36 பக்க பாஸ்போர்ட்.

9 அக்டோபர், எல்லைக்கல்

நல்லது. அடுத்த பாஸ்போர்ட்டை 60 பக்கமாகக் கேட்டு வாங்குங்கள். லாவோஸ் பக்கம் போகிறவருக்கு இன்னும் செலவு, அவர்களுடைய விசா ஸ்டிக்கர் தனியாக ஒரு முழுப் பக்கம் பிடிக்கும். நோங் காய் நட்புறவுப் பாலம் வழியாக வியஞ்சான் போகிறவர்கள் அந்த விசாக் கட்டணத்தை டாலரில் கொடுங்கள், தாய் பாட் நாணயத்தில் கொடுத்தால் கூடுதல். கம்போடிய எல்லையை யோசிக்கவே வேண்டாம், ஜூன் இறுதியிலிருந்து மூடிக் கிடக்கிறது. முன்பு அரண்யபிரதேட்–பொய்பெட் போய் வந்தவர்கள் எல்லாம் இப்போது லாவோஸ் பக்கம்தான் திரும்புகிறார்கள்.

பாஸ்போர்ட் காலாவதி பற்றியும் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட் முடியும் தேதியைத் தாண்டி முத்திரை விழாது. 90 நாள் வரவேண்டிய இடத்தில் 70 நாள் விழுந்தால் அதிகாரி மேல் தவறில்லை, பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் பாருங்கள்.

14 நவம்பர், பினாங்குக்காரன்

தாய்லாந்துக் குடிவரவுத் துறை இந்த வாரம் அறிவித்ததைப் படித்திருப்பீர்கள். விசா விலக்கில் காரணமில்லாமல் இரண்டு தடவைக்கு மேல் வெளியே போய் உள்ளே வருகிறவரைத் திருப்பி அனுப்பலாம் என்று. நம் மாப்பிள்ளைக்கு இது பொருந்துமா?

14 நவம்பர், எல்லைக்கல்

பொருந்தாது. அது விசாவே இல்லாமல் 60 நாள், 60 நாள் என்று வாழ்கிறவர்களுக்கு. தரைவழியே விசா விலக்கில் ஆண்டுக்கு இரண்டு நுழைவு என்ற வரம்பு 2016 டிசம்பர் 31-இலிருந்தே இருக்கிறது. நான்-ஓ மல்டிபிளில் எத்தனை முறையும் வரலாம். ஆனால் கவுண்டரில் உங்களை அந்தக் கூட்டத்தோடு சேர்த்துப் பார்க்காமல் இருக்க வேண்டுமே. இ-விசா நகலை மடித்து வைக்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

25 நவம்பர், எல்லைக்கல்

ஹாட்யாய் முழுக்கத் தண்ணீர். 21-ஆம் தேதி ஒரே நாளில் 335 மில்லிமீட்டர் மழை. ரயில் இல்லை, சாலைகள் துண்டிப்பு. தம்பி, நீங்களும் வீட்டாரும் பத்திரமாக இருக்கிறீர்களா? ஒரு வரி போடுங்கள்.

25 நவம்பர், சொங்க்லா மாப்பிள்ளை

நாங்க நல்லா இருக்கோம் அண்ணே, நம்ம பக்கம் அவ்வளவு இல்லை. ஹாட்யாயில் மனைவியோட அக்கா வீட்டில் கீழ்த்தளம் முழுக்கப் போச்சு. எல்லாரும் மாடியில் இருக்காங்க.

28 நவம்பர், எல்லைக்கல்

ஜனவரிக்கு ஒரு நாள் கையிருப்பு போதும் என்று எழுதியிருந்தேன். அது போதாது. மலேசிய எல்லையோரத்தில் நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். உங்கள் கடைசி பயணம் சரியாக அதற்குள் விழுகிறது, அதோடு ஜனவரி 9 தாண்டினால் விசாவும் போயிற்று. வானிலையைப் பாருங்கள், மழை வலுக்கும் போல் தெரிந்தால் டிசம்பர் கடைசி வாரமே போய்விடுங்கள். டிசம்பர் 29 போனால் மார்ச் 28 வரை. ஏழு நாள் இழப்பு, அவ்வளவுதான்.

தாண்டவே முடியாமல் போனால் ஒரு வழி இருக்கிறது. தாய்லாந்து மனைவியைப் பார்க்க வந்தவர் என்ற காரணத்தில் உள்ளூர் குடிவரவு அலுவலகத்தில் 60 நாள் நீட்டிப்புக் கேட்கலாம். டிஎம்.7 படிவம், 1,900 பாட், திருமணச் சான்று, மனைவியின் அடையாள அட்டை, வீட்டுப் பதிவுப் புத்தகம், மனைவி நேரில். முத்திரை முடியும் முன்பே போக வேண்டும். முடிந்த பிறகு போனால் முதலில் நாளுக்கு 500 பாட், உச்சம் 20,000. 90 நாளுக்கு மேல் மீறினால் அபராதத்தோடு நாட்டுக்குள் வரத் தடையும் உண்டு.

இந்த நீட்டிப்பை எடுத்தால் 90 நாளைத் தாண்டிவிடுவீர்கள், ஆகவே டிஎம்.47 வராது என்று செப்டம்பரில் சொன்னது அப்போது பொருந்தாது. ஆனால் முதல்முறை நீட்டிப்புக்கு விண்ணப்பிப்பதே அந்த அறிக்கை கொடுத்ததற்குச் சமம். அதற்குப் பிறகு வருவதை 90-ஆம் நாளுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை போடலாம். தவறினால் 2,000 பாட்.

12 டிசம்பர், சொங்க்லா மாப்பிள்ளை

ஏப்ரலுக்கு அப்புறம் என்ன செய்யலாம்? மறுபடி சென்னை போய் விசா எடுக்கணுமா, இல்லை இங்கேயே ஒரு வருட நீட்டிப்பா?

12 டிசம்பர், எல்லைக்கல்

இங்கேயே எடுங்கள். குடும்பத்தோடு நிலையாக இருக்கிறவர் வருடம் நான்குமுறை எல்லையில் நிற்க வேண்டியதில்லை. உங்கள் பெயரில் மட்டும் உள்ள தாய் வங்கிக் கணக்கில் 400,000 பாட், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய இரண்டு மாதமும் குறையாமல். அல்லது மாதம் 40,000 பாட் வருமானச் சான்று. தாய்லாந்தில் பதிந்த திருமணம் என்றால் கோ.ரோ.3 என்ற திருமணச் சான்றும், மாவட்ட அலுவலகத்தில் புதிதாக எடுத்த கோ.ரோ.2 என்ற திருமணப் பதிவு நகலும். இந்தியாவில் நடந்த திருமணம் என்றால் முதலில் இங்கே கோ.ரோ.22 பதிவு, அதற்கு நாளாகும், இப்போதே தொடங்குங்கள். வீட்டுக்குள் இருவரும் இருக்கும் படங்கள், வீட்டுக்கு வழி காட்டும் வரைபடம், ஒரு சாட்சி. கொடுத்ததும் 30 நாள் பரிசீலனை முத்திரை, பிறகுதான் வருட முத்திரை.

உங்கள் கணக்கு இப்படி. ஜனவரி 5 நுழைந்தால் ஏப்ரல் 4 வரை. 30 நாள் முன்னதாக விண்ணப்பிக்கலாம், அதாவது மார்ச் 5 முதல். அதற்கு இரண்டு மாதம் முன்பு ஜனவரி 5. ஆகவே எல்லைக்குப் புறப்படும் முன்பே பணம் கணக்கில் இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் நாளன்று காலை வங்கியில் கடிதம் வாங்கி, பாஸ்புக்கிலும் அன்றைய தேதியில் ஒரு வரி பதியுங்கள். பத்து பாட் போட்டால் போதும். கடிதத்தில் ஆண்டு 2569 என்று இருக்கும், தவறு என்று திருப்பிக் கொடுக்காதீர்கள், பௌத்த ஆண்டு, 543 கழித்தால் 2026.

13 டிசம்பர், எல்லைக்கல்

விட்டுப்போன இரண்டு. முதல்முறை நீட்டிப்புக்கு விண்ணப்பிப்பதே 90 நாள் அறிக்கை கொடுத்ததற்குச் சமம், அப்போது தனியாக டிஎம்.47 வேண்டியதில்லை.

இன்னொன்று, ஜனவரி 9-க்குப் பிறகு மல்டிபிள் விசா இல்லை. பிப்ரவரியில் ஊரில் கல்யாணம், காரியம் என்று கிளம்பினால் முதலில் டிஎம்.8 படிவத்தில் ரீ-என்ட்ரி பெர்மிட் எடுங்கள். ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. எடுக்காமல் வெளியேறினால் ஏப்ரல் 4 என்ற முத்திரை அந்த நொடியே செத்துவிடும், திரும்பும்போது 60 நாள் சுற்றுலா ஆளாகத்தான் வருவீர்கள்.